காக்ரேன் கேம்பிட்: கல்கத்தாவில் பிறந்த குதிரைப் பலி

காக்ரேன் கேம்பிட் என்பது சதுரங்கத்தில் வெள்ளைக் காய்களை ஆடுபவர் நான்காவது நகர்விலேயே ஒரு குதிரையைப் பலிகொடுத்து, எதிரியின் ராஜாவை வெளியே இழுக்கும் தாக்குதல் முறையாகும். ஆட்டத்தின் தொடக்கத்தில் ஒரு காயை விட்டுக்கொடுத்து வேறொரு அனுகூலத்தைத் தேடும் முறையே சதுரங்கத்தில் கேம்பிட் எனப்படுகிறது. இந்தக் கேம்பிட் 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கல்கத்தாவில் ஆடப்பட்டு அச்சேறியது. அதை ஆடியவர் ஸ்காட்லாந்து வழக்கறிஞரான ஜான் காக்ரேன். எதிரே அமர்ந்தவர் வங்காளக் கிராமப்புறத்தைச் சேர்ந்த மகேஷ் சந்திர பானர்ஜி.

பலிகொடுத்த குதிரைக்கு ஈடான பலன் கிடைக்குமா என்ற கேள்வி 170 ஆண்டுகளுக்கும் மேலாகத் தொடர்கிறது. ஒரு தாக்குதல் ஆராய்ச்சியில் நிற்பது வேறு, பலகையில் நிற்பது வேறு என்பதை இந்தக் கேம்பிட்டின் வரலாறு காட்டுகிறது.

நகர்வுகள்

காக்ரேன் கேம்பிட், பெட்ரோவ் தற்காப்பு என்னும் தொடக்கத்திலிருந்து பிரிகிறது. ரஷ்ய ஆட்டக்காரர் அலெக்சாந்தர் பெட்ரோவின் (1794–1867) பெயரால் வழங்கும் அத்தொடக்கத்தை ரஷ்யத் தற்காப்பு என்றும் அழைப்பர். நகர்வுகள் பின்வருமாறு:

1. வெள்ளைச் சிப்பாய் ஈ4. கருப்புச் சிப்பாய் ஈ5.
2. வெள்ளைக் குதிரை எஃப்3. கருப்புக் குதிரை எஃப்6.
3. வெள்ளைக் குதிரை ஈ5-இல் உள்ள சிப்பாயை வெட்டுகிறது. கருப்புச் சிப்பாய் டி6-க்கு வந்து அக்குதிரையைத் தாக்குகிறது.
4. வெள்ளைக் குதிரை பின்வாங்காமல் எஃப்7-இல் உள்ள சிப்பாயையும் வெட்டுகிறது. கருப்பு ராஜா அக்குதிரையை வெட்டுகிறது.

வழக்கமாக நான்காவது நகர்வில் குதிரை எஃப்3-க்குத் திரும்பிவிடும். கருப்பும் ஈ4-இல் உள்ள சிப்பாயை வெட்டிக் கணக்கைச் சரிசெய்துகொள்ளும். அதன்பின் ஆட்டம் பெரும்பாலும் அமைதியாகச் செல்லும். பெட்ரோவ் தற்காப்பை ஆடுபவர்கள் விரும்புவதும் அந்த அமைதியைத்தான். காக்ரேன் கேம்பிட் அதையே குலைக்கிறது. எஃப்7-இல் நிற்கும் குதிரை கருப்பின் ராணி, யானை ஆகிய இரண்டையும் ஒரே நேரத்தில் தாக்குவதால், ராஜா அதை வெட்டியே ஆகவேண்டும்.

ஜான் காக்ரேன்

ஜான் காக்ரேன் (1798–1878) தொழிலால் வழக்கறிஞர். 1821-இல் பாரிஸ் சென்று அன்றைய பிரெஞ்சு முன்னணி ஆட்டக்காரர்களான தெஷப்பெல், லா பூர்தொனே ஆகியோருடன் ஆடினார். 1822-இல் சதுரங்கம் குறித்து ஒரு நூலை வெளியிட்டார். 1820-களின் நடுவில் இந்தியா வந்து கல்கத்தாவில் வழக்கறிஞராகப் பணியாற்றினார். 1841 முதல் 1843 வரை விடுப்பில் லண்டனில் இருந்தபோது ஹோவர்ட் ஸ்டான்டனுடன் நூற்றுக்கணக்கான ஆட்டங்கள் ஆடினார். பெரும்பாலானவற்றில் ஸ்டான்டனே வென்றார். பின்னர் கல்கத்தா திரும்பிய காக்ரேன், 1869-இல் ஓய்வுபெற்று லண்டன் செல்லும்வரை இங்கேயே ஆடிவந்தார்.

அவருடைய காலத்தில் காயைப் பலிகொடுத்து ராஜாவை வேட்டையாடுவதே சிறந்த ஆட்டம் என்று கருதப்பட்டது. கொடுக்கப்பட்ட பலியை ஏற்க மறுப்பது கோழைத்தனமாகப் பார்க்கப்பட்டது. பொறுமையாகத் தற்காத்துக்கொள்ளும் கலை அப்போது வளர்ந்திருக்கவில்லை. எனவே ஒரு தாக்குதல் வென்றுவிட்டால், அது தாக்குதலின் வலிமையால் வந்த வெற்றியா, தற்காப்பின் பலவீனத்தால் வந்த வெற்றியா என்று பெரும்பாலும் ஆராயப்படவில்லை.

தாக்குதல்காரராகவே அறியப்பட்ட காக்ரேனின் பெயர் ஒரு தற்காப்புக்கும் வழங்குகிறது. ஆட்டத்தின் இறுதிக் கட்டத்தில் எதிரியிடம் யானையும் மந்திரியும், தம்மிடம் யானை மட்டும் எஞ்சியிருக்கும்போது சமநிலை காக்கும் வழிமுறை இன்றும் காக்ரேன் தற்காப்பு என்றே கற்பிக்கப்படுகிறது.

மகேஷ் சந்திர பானர்ஜி

ஆங்கிலப் பதிவுகளில் 'மொஹிஷுந்தர்' என்று காணப்படும் பெயர் மகேஷ் சந்திர என்பதன் திரிபு. இவர் கல்கத்தாவுக்கு வெளியே கிராமப்புறத்தைச் சேர்ந்த பிராமணர். தம் வட்டாரத்தில் தோல்வியறியாதவர் என்ற பெயர் நகரத்துக்கு எட்டியதால், 1848 வாக்கில் காக்ரேனுக்கு எதிராக அமரும் வாய்ப்பைப் பெற்றார். அப்போது அவர் இளைஞர் அல்லர். ஐரோப்பிய விதிகளும் அவருக்குப் புதியவை.

அக்காலத்தில் இந்தியாவில் ஆடப்பட்ட சதுரங்கம் ஐரோப்பிய ஆட்டத்திலிருந்து பல வகைகளில் வேறுபட்டது. சிப்பாய் முதல் நகர்விலும் ஒரு கட்டமே செல்லும். ராஜாவையும் யானையையும் ஒரே நகர்வில் இடம்மாற்றும் கோட்டை கட்டுதல் கிடையாது. அதற்குப் பதிலாக ராஜா ஆட்டத்தில் ஒருமுறை குதிரையைப்போலத் தாவலாம். இத்தகைய ஆட்டத்தில் படைகள் மெதுவாகவே மோதும். சிப்பாயை ஒரு கட்டம் நகர்த்தி, மந்திரியைப் பலகையின் ஓரத்திலிருந்து நீண்ட மூலைவிட்டத்தில் நிறுத்தும் பழக்கம் அதிலிருந்தே வந்தது எனலாம். ஐரோப்பியர்களுக்கு விசித்திரமாகத் தோன்றிய இந்த அமைப்பை மகேஷ் சந்திர புதிய விதிகளின் கீழும் தொடர்ந்து ஆடினார். பின்னாளில் இவ்வகைத் தொடக்கங்கள் இந்தியத் தற்காப்புகள் என்று பெயர்பெற்றன.

காக்ரேனும் மகேஷ் சந்திரவும் பல ஆண்டுகள் தொடர்ந்து ஆடினர். மொத்தக் கணக்கில் காக்ரேனே அதிகம் வென்றார். அந்த ஆட்டங்கள் லண்டனில் அச்சாகி உலகின் பார்வைக்கு வந்தன. குதிரைப் பலித் தாக்குதலும் 1848-ஆம் ஆண்டின் கல்கத்தா ஆட்டம் வழியாகவே அறியப்படுகிறது.

தாக்குதலின் அடிப்படை

சதுரங்கத்தில் பொதுவாகச் சிப்பாய்க்கு ஒரு மதிப்பும் குதிரைக்கு மூன்று மதிப்பும் தரப்படுகின்றன. இந்தக் கேம்பிட்டில் வெள்ளை ஒரு குதிரையைக் கொடுத்து இரண்டு சிப்பாய்களைப் பெறுகிறது. காய்க் கணக்கில் ஏறத்தாழ ஒரு சிப்பாய் அளவு நட்டம். அந்த நட்டத்துக்கு ஈடாக மூன்று அனுகூலங்கள் கிடைக்கின்றன.

முதலாவது, கருப்பு ராஜா நகர்ந்துவிட்டதால் இனிக் கோட்டை கட்ட முடியாது. இரண்டாவது, ராஜாவுக்கு முன்னால் இருந்த எஃப் வரிசைச் சிப்பாயும் மையத்தைக் காத்த ஈ வரிசைச் சிப்பாயும் போய்விட்டன. மூன்றாவது, வெள்ளையின் டி, ஈ, எஃப் வரிசைச் சிப்பாய்கள் மூன்றும் அணிவகுத்து முன்னேற வழி திறக்கிறது. எட்டுச் சிப்பாய்களுக்கு எதிராகக் கருப்பிடம் ஆறு மட்டுமே உள்ளன.

இவற்றில் நீடித்து நிற்பது மூன்றாவதுதான். திறந்துகிடக்கும் ராஜா சில நகர்வுகளில் பாதுகாப்பான இடத்துக்குச் சென்றுவிடலாம். ஆனால் மையத்தில் உருளும் சிப்பாய்களை நிறுத்துவது எளிதன்று. இந்தத் தாக்குதலை உடனடி ராஜ வேட்டையாகப் பார்த்தவர்களைவிட நீண்டகால முதலீடாகப் பார்த்தவர்களே பிற்காலத்தில் அதிகப் பலன் பெற்றனர்.

கருப்பின் பதில்கள்

ஐந்தாவது நகர்வில் காக்ரேன் மந்திரியை சி4-க்கு நகர்த்தி ராஜாவுக்குச் செக் வைத்தார். பார்வைக்கு இதுவே இயல்பான நகர்வு. ஆனால் கருப்பு, டி6-இல் உள்ள சிப்பாயை டி5-க்குத் தள்ளி இதற்கு வலுவாகப் பதில் தரலாம். வெள்ளை அச்சிப்பாயையும் வெட்டிக்கொண்டால் குதிரைக்கு மூன்று சிப்பாய்கள் என்று கணக்கு ஏறத்தாழச் சமமாகும். ஆயினும் கருப்பின் மந்திரிகளுக்கும் யானைக்கும் பாதை திறந்துவிடுகிறது. வாங்கியதில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுத்துத் தாக்குதலைத் தணிக்கும் இந்த உத்தி, பிற்காலத் தற்காப்புக் கலையின் முக்கியப் பாடங்களில் ஒன்றாயிற்று.

நவீன ஆட்டக்காரர்கள் ஐந்தாவது நகர்வில் செக் வைக்காமல் டி4 சிப்பாயை முன்னேற்றுகின்றனர். இந்நகர்வு அமைதியாகத் தோன்றினாலும் அதில் ஒரு பொறி உண்டு. கருப்புக் குதிரை ஆசைப்பட்டு ஈ4-இல் உள்ள சிப்பாயை வெட்டினால், வெள்ளை ராணி எச்5-க்கு வந்து செக் வைக்கும். கருப்பு ஜி6 என்று தடுத்தால் ராணி டி5-க்குச் சென்று மீண்டும் செக் வைத்து, அடுத்ததாக ஈ4-இல் உள்ள குதிரையை வெட்டிவிடும். பலிகொடுத்த காய் திரும்பிவிடும்; கருப்பு ராஜா மட்டும் வெட்டவெளியில் நிற்கும்.

இந்தப் பொறியைத் தவிர்த்தால் கருப்புக்கு நல்ல வழிகள் உள்ளன. ஜி6 ஆடி ராஜாவை ஜி7-இல் ஒதுக்குவது ஒரு வழி. சி5 ஆடி வெள்ளையின் மையத்தை உடனே உடைப்பது மற்றொரு வழி. இரண்டுக்கும் பொறுமை வேண்டும், முன்தயாரிப்பும் வேண்டும்.

ரீகாவிலிருந்து லினாரஸ் வரை

20-ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் காக்ரேன் கேம்பிட் ஒரு வேடிக்கைத் தாக்குதலாகவே கருதப்பட்டது. அதற்கு மறுவாழ்வு தந்தவர்களில் முக்கியமானவர் லாத்வியா நாட்டு ஆட்டக்காரர் ஆல்விஸ் விதோலின்ஸ் (1946–1997). அவர் இதை வலுவான எதிரிகளுக்கு எதிராகவும் துணிந்து ஆடினார்.

அவருடைய நாட்டின் தலைநகரான ரீகாவைச் சேர்ந்தவர்தான் 1960-இல் உலக வாகையர் ஆன மிகையீல் தால். தாலின் பல பலிகள் பின்னர் ஆராயப்பட்டபோது பிழையானவை என்று தெரியவந்தன. ஆனால் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும்போது எதிரே அமர்ந்தவர்களால் அந்தப் பிழையைக் கண்டுபிடிக்க முடியவில்லை. தாலின் பெயர் தமிழ்நாட்டுச் சதுரங்கத்தோடும் இணைந்தது. இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டரான மானுவல் ஆரோன் முன்னின்று 1972-இல் சென்னை சோவியத் கலாசார மையத்தில் தொடங்கிய சங்கத்துக்குத் தால் சதுரங்க சங்கம் என்றே பெயர். சிறுவனாக விசுவநாதன் ஆனந்த் பயின்ற இடம் அது.

காக்ரேன் கேம்பிட் மிக உயர்ந்த தளத்துக்கு வந்தது 1999-இல். ஸ்பெயின் நாட்டின் லினாரஸ் போட்டியில் பல்கேரியாவின் வெசலின் தொபலோவ், ரஷ்யாவின் விளாதிமிர் கிராம்னிக்குக்கு எதிராக இதை ஆடினார். பெட்ரோவ் தற்காப்பில் கிராம்னிக் உலகின் முதன்மை வல்லுநர்களில் ஒருவர். ஐந்தாவது நகர்வில் கிராம்னிக் சி5 என்று பதிலளித்தார். ஆட்டம் சமநிலையில் முடிந்தது. தாக்குதல் வெல்லவில்லை, உடைந்துபோகவும் இல்லை.

ஆய்வு நூல்களின் தீர்ப்பும் காலந்தோறும் மாறியது. நிக் டி ஃபர்மியன் தொகுத்த நவீன சதுரங்கத் திறப்புகள் கையேட்டின் 15-ஆம் பதிப்பு (2008) இதை ஊகத்தின் மேல் நிற்கும், ஆனால் விறுவிறுப்பான முயற்சியாக மதிப்பிட்டு, கருப்புக்கே மேலான நிலை கிடைக்கும் என்று முடிவு செய்தது. 1990-களில் அவரே இதை இரு தரப்புக்கும் சமவாய்ப்பு தருவதாகக் கருதியிருந்தார். இன்றைய கணினி நிரல்களும் கருப்பின் பக்கமே சாய்கின்றன.

முன்பு தப்பித்த நகர்வு

ஆடிப் பார்த்துத் தப்பித்த நகர்வு சரியான நகர்வாகிவிடுமா என்ற கேள்விக்கும் இதே பெட்ரோவ் தற்காப்பில் ஒரு விடை உண்டு. 1988-இல் சுவிட்சர்லாந்தின் பீல் நகரில் கொலம்பியாவின் அலோன்சோ சபாத்தாவுக்கு எதிராக ஆனந்த் கருப்புக் காய்களில் பெட்ரோவ் தற்காப்பை ஆடினார். சபாத்தா குதிரையைப் பலிகொடுக்காமல் வழக்கம்போலப் பின்வாங்கினார். ஐந்தாவது நகர்வில் ஆனந்த் மந்திரியை எஃப்5-க்கு நகர்த்தினார். சபாத்தா ராணியை ஈ2-க்கு வைத்ததும் ஈ4-இல் நின்ற கருப்புக் குதிரையைக் காக்கும் வழி இல்லாமல் போனது. ஆனந்த் ஆறாவது நகர்விலேயே ஆட்டத்தைக் கைவிட்டார்.

அந்த எஃப்5 நகர்வு ஆனந்தின் கண்டுபிடிப்பு அன்று. முந்தைய ஆண்டு டோனி மைல்ஸ், லாரி கிறிஸ்டியன்சன் என்னும் இரு கிராண்ட்மாஸ்டர்கள் ஆடிய ஆட்டத்தில் அதே நகர்வு ஆடப்பட்டு, ஆட்டம் சமநிலையில் முடிந்திருந்தது. அங்கே மைல்ஸ் ராணியை ஈ2-க்கு நகர்த்தவில்லை. அதனால் ஓட்டை மறைந்தே இருந்தது. அச்சில் வந்ததும் பெரிய ஆட்டக்காரர்கள் ஆடியதும் ஒரு நகர்வுக்குச் சான்றிதழ் ஆகிவிடாது.

இங்கே ஒரு முரண் உள்ளது. ஆராய்ச்சியில் தேறாத காக்ரேனின் குதிரைப் பலி, கிராம்னிக்குக்கு எதிரே நின்று பிடித்தது. பலகையில் ஒருமுறை தப்பித்த மந்திரி நகர்வு, அடுத்த ஆண்டே நொறுங்கியது. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு, தவறு செய்தால் மீள இடமிருக்கிறதா என்பதே. காக்ரேன் கேம்பிட்டில் வெள்ளையின் நட்டம் சிறியது. எதிரி பல சரியான நகர்வுகளை வரிசையாகக் கண்டுபிடிக்க வேண்டும். ஆனந்தின் மந்திரி நகர்வைத் தண்டிக்க ஒரே ஒரு நகர்வு போதுமானதாக இருந்தது.

கிராமத்து ஆட்டக்காரரின் தற்காப்பு

1855-இல் கல்கத்தாவில் காக்ரேனுக்கு எதிராக ஆடிய ஓர் ஆட்டத்தில், மகேஷ் சந்திர கருப்புக் காய்களுடன் குதிரையை எஃப்6-இலும் சிப்பாய்களை ஜி6, டி5 கட்டங்களிலும் நிறுத்தி, மந்திரியை ஜி7-க்குக் கொண்டுவந்தார். வெள்ளை மையத்தைப் பிடிக்கட்டும் என்று விட்டு, பின்னர் அந்த மையத்தையே தாக்கும் திட்டம் அது. ஆனால் அந்த ஆட்டத்தில் காக்ரேனே வென்றார். 1922-இல் ஆஸ்திரியாவின் எர்ன்ஸ்ட் குருன்ஃபெல்ட் இதே தொடக்கத்தைப் போட்டிகளில் ஆடியதால் அது குருன்ஃபெல்ட் தற்காப்பு என்று பெயர்பெற்றது. அதற்கு 67 ஆண்டுகள் முன்பே ஆடிய மகேஷ் சந்திரவின் பெயர் அதில் இல்லை.

குருன்ஃபெல்ட் தற்காப்பு உலக வாகையர் போட்டிகளின் தொடக்கமாக வளர்ந்தது. 2010-இல் பல்கேரியத் தலைநகர் சோஃபியாவில் நடந்த உலக வாகையர் போட்டியின் முதல் ஆட்டத்தில் ஆனந்த் இதையே ஆடினார். எதிரே அமர்ந்தவர், 1999-இல் காக்ரேன் கேம்பிட் ஆடிய அதே தொபலோவ். 23-ஆவது நகர்வில் ஆனந்த் ராஜாவை எஃப்7-க்கு நகர்த்தியது பிழையாயிற்று. தொபலோவ் உடனே எஃப்6-இல் குதிரையைப் பலிகொடுத்தார். 30 நகர்வுகளில் ஆனந்த் தோற்றார். தற்காப்பு முறையில் குறை இல்லை; நினைவில் நேர்ந்த ஒரு சறுக்கல் தோல்வியானது. பின்னர் மீண்டெழுந்த ஆனந்த், கடைசி ஆட்டத்தைக் கருப்புக் காய்களில் வென்று 6.5–5.5 என்ற கணக்கில் பட்டத்தைத் தக்கவைத்தார்.

திடமான தற்காப்பும் கவனம் பிசகினால் உடையும். ஐயத்துக்குரிய தாக்குதலும் எதிரி தடுமாறினால் வெல்லும். தொடக்கத்தின் தரம் ஆட்டத்தின் முடிவைத் தனியே தீர்மானிப்பதில்லை.

நேரமும் தளமும்

பலித் தாக்குதலின் நடைமுறை மதிப்பு ஆட்டத்துக்குத் தரப்படும் நேரத்தைப் பொறுத்தும் மாறுகிறது. 2022 ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 10 வரை மாமல்லபுரத்தில் 44-ஆவது சதுரங்க ஒலிம்பியாட் நடைபெற்றது. 2019-இல் செங்கல்பட்டு மாவட்டம் பிரிக்கப்படும்வரை மாமல்லபுரமும் உத்திரமேரூரும் ஒரே காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்தன. அப்போட்டியில் பொதுப் பிரிவில் இந்தியாவின் இரண்டாம் அணி வெண்கலம் வென்றது. அந்த அணியின் முதல் பலகையில் ஆடிய குகேஷ் தொடர்ந்து எட்டு ஆட்டங்களை வென்றார்.

ஒலிம்பியாட் ஆட்டங்களில் முதல் 40 நகர்வுகளுக்கு 90 நிமிடங்களும், ஒவ்வொரு நகர்வுக்கும் 30 விநாடி கூடுதலும் தரப்படுகின்றன. அந்த அவகாசத்தில் தேர்ந்த தற்காப்பாளர் சி5, ஜி6 போன்ற பதில்களைப் பலகையிலேயே கண்டுபிடித்துவிட முடியும். மூன்று அல்லது ஐந்து நிமிட மின்னல் ஆட்டத்தில் அந்த அவகாசம் இல்லை. இணையத்தில் விரைவு ஆட்டம் ஆடுவோரிடையே காக்ரேன் கேம்பிட் இன்றும் உயிரோடு இருப்பதற்கு இதுவே காரணம்.

மதிப்பீடு

காக்ரேன் கேம்பிட் கண்டிப்பான ஆராய்ச்சியில் கருப்புக்குச் சாதகமானது. நீண்ட நேர ஆட்டத்தில், தயாராக வந்த எதிரியிடம், வெள்ளை நட்டத்தைச் சுமந்துகொண்டு ஆடவேண்டியிருக்கும். குறைந்த நேர ஆட்டத்தில், அமைதியை எதிர்பார்த்துப் பெட்ரோவ் தற்காப்பை ஆடும் எதிரியிடம், அது பயன்தரும் ஆயுதம். ஐந்தாவது நகர்வில் காக்ரேனின் சொந்த நகர்வான மந்திரி சி4-ஐவிட டி4 மேலானது. கருப்புக் காய்களை ஆடுபவர் நினைவில் கொள்ளவேண்டியது ஒன்றே: ஈ4-இல் உள்ள சிப்பாயை அவசரப்பட்டு வெட்டக்கூடாது.

கல்கத்தாவில் எதிரெதிரே அமர்ந்த இருவரில், தாக்கியவரின் பெயர் இன்னும் ஐயத்துக்குரிய ஒரு கேம்பிட்டில் நிலைத்தது. தடுத்தவரின் தொடக்கம் உலக வாகையர்களின் கைக்குச் சென்றது, வேறொருவர் பெயரில்.